குட்டி நாய் சுவர் தாண்டுகிறதா? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் தினமும் காலை எங்கள் செவலையோடு நடக்கிறேன். சிப்பிப்பாறை கலந்த நாய், இப்போது நான்கு வயது. ஒன்பது மாதக் குட்டியாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒரே மாதத்தில் பதினொரு முறை தாண்டியது. அது தெருவுக்கே தெரிந்த கதை. அதனால் குட்டி வளர்ப்பவர்கள் யாராவது வழியில் நிறுத்தி ஏதாவது கேட்பார்கள். ஏற்காட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எல்லாவற்றையும் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

எட்டு மாசக் குட்டிதாங்க. அஞ்சடி சுவரை எப்படித் தாண்டுது?

நடுத்தர உடம்புள்ள நாய்க்கு ஐந்தடி பெரிய உயரமே இல்லை. தாண்டுவதில் இரண்டு வகை உண்டு. ஓடி வந்து ஒரே எம்பாகச் சுவரைத் தொடாமல் போவது ஒரு வகை. எம்பி முன்னங்கால்களைச் சுவர் விளிம்பில் கொக்கி போல மாட்டி, பின்னங்கால் நகத்தால் சுவரைப் பிராண்டி மேலே ஏறுவது இன்னொன்று. நாம் “தாண்டுது” என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

உங்கள் நாய் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது. நான் மொட்டை மாடியில் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன். செவலை முதலில் துணி துவைக்கும் கல்லில் ஏறியது, அங்கிருந்து குழாய்த் திட்டு, பிறகு சுவர். ஐந்தடிச் சுவரில் அது உண்மையில் எம்பியது இரண்டடிதான். காத்திருந்து பார்க்க நேரமில்லை என்றால், சுவரோரம் தரையை நனைத்துச் சேறாக்கி விடுங்கள். வெள்ளையடித்த சுவரில் சேற்றுக் கால் தடமும் நகக் கீறலும் எந்த இடத்தில் என்று மறுநாள் தெரிந்துவிடும்.

எதுக்குங்க போகுது? வேளாவேளைக்குச் சோறு போடறோமே.

சோற்றுக்காகப் போகும் நாய் குறைவு. பகல் முழுக்கக் கொல்லையில் தனியாக விட்டால் சலிப்பு. தெரு நாய்கள் கூட்டமாகப் போனால் ஆசை. அணில், பூனை, பக்கத்து வீட்டுக் கோழி என்றால் வேட்டை. எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருந்தால் கடுவனுக்கு, அதாவது ஆண் நாய்க்கு, அந்தத் தேடல். இடி, பட்டாசு என்றால் பயம். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் இன்னொன்றும் உண்டு. கொல்லையில் நிழலே இல்லாமல் சிமெண்டுத் தரை கொதித்தால், நாய் நிழல் தேடித்தான் போகும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, தாண்டும் நேரத்தைக் குறித்து வைப்பது. காலண்டரில் ஒரு வாரம் எழுதினேன். ஏழில் ஐந்து முறை காலை ஐந்தரை மணி, பால்காரர் வண்டிச் சத்தம் கேட்ட உடனே. அந்த வண்டிக்குப் பின்னால் தெரு நாய்கள் ஓடும், இதுவும் சேர்ந்து ஓடப் போயிருக்கிறது. அதன் பிறகு ஐந்தே காலுக்கே நடைக்குக் கிளம்பினோம். பாதி சிக்கல் அதிலேயே தீர்ந்தது.

அப்போ சுவரை எத்தனை அடி உசத்தணும்?

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஏணிகளை எடுங்கள். துவைக்கும் கல், செங்கல் அடுக்கு, விறகு, கோழிக்கூடு, தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்த டிரம், நிறுத்தி வைத்த பைக் எல்லாமே நாய்க்கு ஏணிதான். சுவரிலிருந்து ஐந்தாறு அடியாவது தள்ளி வையுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

அதன் பிறகும் தாண்டினால் ஆறடிக்கு உயர்த்துங்கள், பல நாய்கள் நின்றுவிடும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்களுக்கு ஆறடியும் உறுதி இல்லை. ஒவ்வொரு அடியாக உயர்த்துவதும் தவறு. ஐந்தைத் தாண்டிப் பழகிய நாய்க்கு ஐந்தரை என்பது அடுத்த பாடம் மாதிரி. உயர்த்துவதானால் ஒரே தடவையில் உயர்த்துங்கள். இல்லையென்றால் உயரத்தை விட்டுவிட்டு மேல் விளிம்பை மாற்றுங்கள்.

மேல் விளிம்பை மாத்தறதுன்னா என்னங்க?

ஏறும் நாய்க்கு விளிம்பில் முன்னங்கால் பிடி கிடைக்க வேண்டும். அந்தப் பிடியை எடுத்துவிட்டால் ஏற முடியாது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, உருளும் பைப். சுவரின் இரு முனையிலும் எல் வடிவ ஆங்கிள் அடித்து நடுவே இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். கம்பியை ஓர் இஞ்ச் பிவிசி பைப்புக்குள் விட்டு, அதன் மேல் நான்கு இஞ்ச் பைப்பை மாட்டுங்கள். நாய் கால் வைத்ததும் பெரிய பைப் சுழலும், கால் வழுக்கி நாய் உள்பக்கமே இறங்கிவிடும். பைப்புக்கும் சுவருக்கும் நடுவே கால் நுழையும் சந்து இருக்கக் கூடாது. நீளமான சுவர் என்றால் எட்டுப் பத்து அடிக்கு ஓர் ஆங்கிள் வேண்டும், இல்லையென்றால் கம்பி தொய்ந்து பைப் சுற்றாது. பிளம்பரும் வெல்டரும் சேர்ந்தால் ஒரு நாள் வேலை.

இரண்டாவது வழி, ஒன்றரை அடி ஆங்கிளை 45 டிகிரி சாய்த்து அதில் கம்பி வலை கட்டுவது. இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நம் ஊரில் வெல்டரிடம் சொன்னால் பழக்கத்தில் வெளிப்பக்கம் சாய்த்து விடுவார், அது திருடனுக்காகப் போடுவது. நாய்க்கு உள்பக்கம் சாய வேண்டும். நாய் மேலே பார்க்கும்போது தலைக்கு மேல் கூரை போலத் தெரிய வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே எம்பில் பாயும் நாய்க்கு பைப் மட்டும் போதாது. அதற்கு ஓடிவரும் தூரத்தை உடைக்க வேண்டும். சுவரிலிருந்து மூன்றடி உள்ளே வரிசையாகச் செம்பருத்தி வையுங்கள். அரளி மட்டும் வேண்டாம். சேலத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் செடிதான், ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நாய்க்கு விஷம். கடித்து விளையாடும் வயதுக் குட்டி இருக்கும் கொல்லையில் அரளி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எங்களுது கல்லுக்கால் நட்ட கம்பி வேலி. அதுல பைப் மாட்ட முடியாதே?

மாட்டலாம், கல்லுக்காலில் ஆங்கிளைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும். ஆனால் கம்பி வேலியில் வேறு இரண்டு தொல்லை. டைமண்டு வலையின் கண்கள் நாய்க்குப் படிக்கட்டு மாதிரி, கால்விரல் அதில் நன்றாக உட்காரும். அதோடு, வெளியே நடக்கும் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கீழிருந்து ஐந்தடி வரை நிழல்வலையை இரட்டையாக மடித்து உள்பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். தெரு தெரியாது, காலும் நுழையாது. அதைக் கிழிக்கும் நாய் என்றால் தகரத் தகடு.

சுவர் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சா பயந்துக்கும்ல?

பயப்படாது. அதற்குக் கண்ணாடி தெரியவே தெரியாது, கால் வைத்த பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் ஒரு பக்கச் சுவரில் சில்லு பதித்திருந்தார்கள், நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். செவலையின் ஐந்தாவது தாண்டல் அந்தப் பக்கம். வலது முன்னங்காலின் மெத்தென்ற சதை இரண்டாகப் பிளந்து, வாசல் படியிலிருந்து அடுப்படி வரை ரத்தத் தடம். பதினைந்து நாள் கட்டு மாற்றினோம். காயம் ஆறியதும் மறுபடி தாண்டியது. அன்றைக்கு மாலையே சுத்தியல் எடுத்துச் சில்லு முழுவதையும் தட்டி எடுத்தேன்.

முள்கம்பியும் அப்படித்தான். பாயும் நாய்க்கு அடிவயிறு கிழியும். இரண்டுமே காயம்தான் தரும், தடுக்காது.

கரண்ட் வேலி, இல்லைன்னா ஷாக் பெல்ட்?

வேண்டாம். ஆசையோ பயமோ உச்சத்தில் இருக்கும் நாய் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டே வெளியே போய்விடும். திரும்பி வரும்போதுதான் அதே அதிர்ச்சியை நினைத்து உள்ளே வர மறுக்கும். வாசலில் நின்ற குழந்தையைப் பார்க்கும் நேரத்தில் ஷாக் அடித்தால், வலி குழந்தையால் வந்தது என்று நினைத்துப் பிறகு குழந்தைகளைப் பார்த்தாலே சீறும் நாய்களும் உண்டு. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பதோ கொலைக்குச் சமம். நாய் மட்டுமில்லை, ஆளும் சாவார்.

அப்போ சங்கிலியில கட்டிப் போட்டுடறேன். பிரச்சினை முடிஞ்சுதுல்ல?

இதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தாண்டும் பழக்கமுள்ள நாயைச் சுவரோரம் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். சங்கிலியோடு தாண்டும், மறுபக்கம் தரை எட்டாது, தூக்கில் தொங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், குரைக்கக்கூட முடியாது. கட்டியே ஆக வேண்டிய சில மணி நேரத்துக்கு, நாய் எவ்வளவு இழுத்தாலும் சுவரையோ திண்ணையையோ தொட முடியாத இடத்தில், மார்பைச் சுற்றிய பெல்ட்டில் கட்டுங்கள். பக்கத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும்.

நாள் முழுக்கக் கட்டுவது தீர்வே இல்லை. முதலில் சொன்ன சலிப்பு பத்து மடங்காகும், அவிழ்த்த நொடியில் ஓடும். சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதையும் அதே பிரிவு தனியாகச் சொல்கிறது.

தினமும் எவ்வளவு நேரம் நடத்தணும்? எனக்கு டூட்டி இருக்குங்க.

காலையும் மாலையும் அரை மணி முதல் முக்கால் மணி. கணக்கை விட, எப்படி நடக்கிறீர்கள் என்பது முக்கியம். மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே போக விடுங்கள். இழுத்துக்கொண்டு ஓடிய ஒரு மணி நேரத்தை விட மோந்து நடந்த அரை மணி நேரம் அதிகம் களைப்பாக்கும். கோடையில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் காலுக்கும் முடியாது.

டூட்டிக்குப் போகும்போது காலைச் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல் கொல்லையில் ஒளித்து வையுங்கள். பழைய சாக்கின் மடிப்பில் கொஞ்சம், கவிழ்த்த மண்சட்டிக்கு அடியில் கொஞ்சம். அதைத் தேடியே ஒரு மணி நேரம் போகும். அப்புறம் தூங்கும். ஓர் எச்சரிக்கை: ஒன்றரை வயது வரை எலும்பு முதிராது. களைப்பாக்குகிறேன் என்று கட்டை வைத்துத் தாண்ட விடாதீர்கள். நாம் நிறுத்தப் பார்க்கும் வேலைக்கே அது பயிற்சியாகும்.

திரும்பி வந்ததும் ரெண்டு போட்டாத்தானே புத்தி வரும்?

வராது. தாண்டியது அரை மணி நேரத்துக்கு முன்னால். இப்போது அது செய்திருப்பது வீட்டுக்கு வந்தது. நீங்கள் அடித்தால், வீட்டுக்கு வந்ததற்கு அடி என்றுதான் அதற்குப் படும். அடுத்த முறை தெருமுனையில் நின்று உங்களையே பார்க்கும், வராது.

அடிக்குப் பதில் “வா” என்ற ஒரு சொல்லைப் பழக்குங்கள். இருபதடிக் கயிற்றை மார்பு பெல்ட்டில் கட்டிக் கொல்லையில் விடுங்கள். நாய் சுவரைப் பார்த்து நின்றதும், எம்புவதற்கு முன்னால், “வா” என்று ஒரே தடவை சொல்லுங்கள். வந்ததும் வேகவைத்த ஈரலில் நகக்கண் அளவு ஒரு துண்டு. தினமும் பத்து நிமிடம் செய்தோம். மூன்றாவது வாரத்தில் செவலை சுவரைப் பார்த்துவிட்டுத் தானாகவே என் பக்கம் திரும்பியது. அந்த நொடியை இன்றும் மறக்க முடியவில்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினா நிக்குமா?

கடுவன் பெட்டையைத் தேடித்தான் போகிறது என்றால் பெரும்பாலும் குறையும். மறுநாளே குறையாது. உடம்பில் மிச்சமிருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும், முதல் ஒரு மாதம் வரை குட்டி கொடுக்கவும் முடியும். அதுவரை வெளியே விடாதீர்கள். அணிலுக்காகவோ சலிப்புக்காகவோ தாண்டும் நாயை இந்த ஆபரேஷன் மாற்றாது. பெரிய உடம்புள்ள இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு, உங்கள் நாயைப் பார்க்கும் மருத்துவரிடம் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுது பெட்டைங்க. மத்த நாள்ல சாதுவா இருக்கும், சில நாள் மட்டும் ஓடப் பாக்குது.

பருவம்தான். முதல் பருவம் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வரும், பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று வாரம். ரத்தம் நின்றுவிட்டது, முடிந்தது என்று பலர் அவிழ்த்து விடுகிறார்கள். கரு பிடிப்பதற்கு வாய்ப்பு அதிகமான நாட்கள் அப்போதுதான். மூன்று வாரமும் வீட்டுக்குள், வெளிக்குப் போக மட்டும் கயிற்றோடு.

இங்கே இன்னொன்று. நீங்கள் மாட்டிய உருளும் பைப் உள்ளிருந்து ஏறுவதைத்தான் தடுக்கும். வெளியிலிருந்து தெருக் கடுவன்கள் உள்ளே குதிக்கும். அதனால் இந்த நாட்களில் எந்தச் சுவரையும் நம்பாதீர்கள்.

சுவரைச் சரி பண்ணினேன், இப்ப கேட்டுக்குக் கீழ தோண்டுதே?

காரணம் தீரவில்லை, வழி மட்டும் மாறியிருக்கிறது. இரண்டாவது பதிலுக்குத் திரும்பிப் போங்கள். தோண்டும் இடத்தில் இரண்டடி அகலக் கம்பி வலையைத் தரையில் படுக்கவைத்து மேலே மண்ணும் கல்லும் போட்டால் தோண்டுவது நிற்கும்.

வருஷம் முழுக்க ஒழுங்கா இருக்கு, தீபாவளிக்கு மட்டும் காணாமப் போயிடுதுங்க.

பயத்தில் ஓடும் நாய் எட்டடியையும் தாண்டும். இதற்குச் சுவர், பைப், பயிற்சி எதுவும் உதவாது. முதல் நாளிலிருந்தே வீட்டின் நடு அறையில், ஜன்னலை அடைத்து, ஃபேனையும் டிவியையும் ஓட விடுங்கள். நடை, சாப்பாடு எல்லாம் இருட்டுவதற்கு முன்னால். யாராவது ஒருவர் கூடவே இருந்தால் நல்லது. மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவரிடம் மூன்று வாரம் முன்பே பேசுங்கள், அதற்கென்று மாத்திரை உண்டு. நாம் போடும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

நாங்க ஏற்காடு. காப்பித் தோட்டம் முழுக்க வேலி போட முடியுமா? காட்டெருமை வந்தா துரத்திட்டு ஓடுது.

முடியாது, தேவையும் இல்லை. வீட்டை ஒட்டி முப்பதுக்கு இருபது அடியில் ஒரு முற்றத்தை மட்டும் ஆறடி வலையால் அடைத்து, மேலே உள்பக்கச் சாய்வு கொடுங்கள். ஆள் இல்லாத நேரம் நாய் அங்கே, இரவில் வீட்டுக்குள். மற்ற நேரம் நீங்கள் கூட இருந்தால் மட்டும் தோட்டத்தில் சுற்றட்டும்.

சேர்வராயன் மலையில் காட்டெருமை அந்திக்கும் விடியலுக்கும்தான் அதிகம் தோட்டத்துக்குள் வரும். குட்டி நாய் குரைத்துக்கொண்டு நெருங்கும், காட்டெருமை தலையைத் தாழ்த்தி ஒரு குத்து குத்தினால் முடிந்தது. துரத்தப்பட்ட நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே காட்டெருமையும் வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு அது, நாயை ஏவி விரட்டுவதும் கூடாது. காட்டுப்பன்றிக்கு யாராவது கண்ணி வைத்திருந்தால் அதில் முதலில் மாட்டுவதும் தோட்டம் சுற்றும் நாய்தான். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் புது ஆட்கள் குறுக்குப் பாதையில் வருவார்கள், மே மாதக் கோடை விழா நேரத்தில் கார்கள் வரிசையாக ஏறும். அந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிச்சுடுச்சு. ஒரு பையன் மேலயும் லேசாப் பல்லு பட்டுடுச்சு. என்ன பண்றது?

முதலில் பையன். லேசோ ஆழமோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். “எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு” என்று சொல்லித் தள்ளிப் போடாதீர்கள். நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொன்ன தேதி தவறாமல். உங்கள் நாயைத் தெரு நாய் கடித்திருந்தாலும், ஊசி போட்டிருந்தாலும், மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கோழிக்கு அவர்கள் கேட்கும் முன்பே நேரில் போய்ப் பணம் கொடுத்துவிடுங்கள். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி, மனிதருக்கு ஆபத்து வராதபடி வளர்ப்புப் பிராணியைப் பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக விட்டால் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நம் நாய் நமக்குக் குழந்தை, பக்கத்து வீட்டுக்கு அப்படி இல்லை.

இப்பத்தான் தாண்டிப் போயிடுச்சு! உடனே என்ன செய்யணும்?

துரத்தாதீர்கள், அதற்கு அது விளையாட்டு. கேட்டைத் திறந்து வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அல்லது சாப்பாட்டுத் தட்டைத் தட்டியபடி குத்துக்காலிட்டு உட்காருங்கள். கண்ணுக்கே தெரியவில்லை என்றால் டீக்கடை, பால்காரர், குப்பை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர்கள், இவர்களிடம் போட்டோவைக் காட்டுங்கள். தெருவில் எந்த நாய் புதிது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு இன்று வரை இல்லையென்றால் நாளைக்கே மாட்டுங்கள்.

வந்ததும் கால் சதை, நகம், அடிவயிறு, காது மடலுக்குள் உண்ணி, எல்லாவற்றையும் பாருங்கள். நொண்டினால் கால் இழுத்துப் பார்க்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். பெரிய முறிவு என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

மூணு மாசமா தாண்டவே இல்லை. பைப்பைக் கழட்டிடலாமா? பாக்க நல்லா இல்லைன்னு வீட்ல சொல்றாங்க.

பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள், கழட்ட வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை தாண்டும் ஆசை உச்சத்தில் இருக்கும். அதற்குள் ஒரு தடவை தாண்டிவிட்டாலும் மூன்று மாதம் பழக்கியது போய்விடும். எங்கள் வீட்டில் நான்காவது வருடமாகப் பைப் இருக்கிறது. துவைக்கும் கல்லைக் கொல்லையின் நடுவுக்கு நகர்த்திவிட்டோம். இன்றைக்கும் நடைக்குக் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகி, பால்காரர் வண்டிச் சத்தம் முதலில் கேட்டுவிட்டால், செவலை அந்தக் கல் இருந்த பழைய இடத்தில் போய் நின்று சுவரை அண்ணாந்து பார்க்கிறது.